கோப்பை வேண்டுமா, முதலில் சென்டரைத் தேடு என்பது சரியா?

கேள்வி இதுதான்: ஐஸ் ஹாக்கியில், வட அமெரிக்க லீகான என்.எச்.எல்.-இன் ஸ்டான்லி கோப்பையை வெல்ல வேண்டுமானால் உச்சத் தரத்தில் இரண்டு சென்டர்களாவது (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்கள்) இருந்தே ஆக வேண்டும் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் மெக்டேவிட்டையும் டிரைசைட்டிலையும் வைத்திருந்த எட்மன்டன் 2024-லும் 2025-லும் இறுதிச்சுற்று வரை வந்து தோற்றது எப்படி? மாத்யூஸும் டவாரெஸும் சேர்ந்து ஆடிய டொரண்டோ ஏன் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை?

நல்ல சென்டர் ஒருவர் வேண்டும். ஏறக்குறைய கட்டாயம் என்றே சொல்வேன். இரண்டு பேர் இருந்தால் வசதி, கட்டாயமில்லை. ஆனால் அந்த "நல்ல" என்ற சொல்லில்தான் வில்லங்கம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கோல் கணக்கையும் புள்ளிக் கணக்கையும் (கோலும், கோலுக்கு உதவிய அசிஸ்ட்டும் சேர்ந்ததுதான் புள்ளி) பார்த்து நல்லவரா இல்லையா என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கோப்பையோ வேறொரு கணக்கில் போகிறது.

முதலில் பஃபலோ கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த விவாதம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்தான் ஞாபகத்துக்கு வரும். 2015 கோடையில் பஃபலோ அணி, புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், இரண்டாவது ஆளாக ஜாக் ஐக்கலை எடுத்தது. அதே வாரத்தில் கொலராடோவிடமிருந்து ரயன் ஓ'ரைலியை வாங்கியது. முந்தைய ஆண்டு இரண்டாவதாக எடுத்த சாம் ரைன்ஹார்ட் ஏற்கெனவே கையில் இருந்தார். முதல் வரிசைக்கு (முன்னால் சேர்ந்து ஆடும் மூவர் ஒரு வரிசை) ஒரு சென்டர், இரண்டாம் வரிசைக்கு ஒரு சென்டர், பக்கத்தில் கோல் போடத் தெரிந்த ஒரு கை. காகிதத்தில் பார்த்தால் எந்த அணிக்கும் நாக்கில் எச்சில் ஊறும். மூன்று சீசன் சேர்ந்து ஆடினார்கள். ஒரு தடவைகூட பிளேஆஃப் (லீக் ஆட்டங்கள் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள்) போகவில்லை. 2017-18-ல் லீகிலேயே கடைசி இடம்.

அப்புறம் என்ன நடந்தது? ஓ'ரைலியை 2018 ஜூலையில் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தார்கள். 2019-ல் அவர் கோப்பை வென்றார், பிளேஆஃப்பின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதும் அவருக்கே. ஐக்கல் 2021 நவம்பரில் வேகஸுக்குப் போனார். 2023-ல் வாழ்க்கையில் முதல்முறையாக பிளேஆஃப் ஆடி, 26 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்து, கோப்பையோடு திரும்பினார். ரைன்ஹார்ட் ஃப்ளோரிடா போனார். 2024 இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றி கோல் அவருடையது. ஒரே உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்த மூன்று பேர், மூன்று வெவ்வேறு ஊர்களில், மூன்று கோப்பைகள். பஃபலோவோ 2011-க்குப் பிறகு 2025 வரை பிளேஆஃப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆக, சென்டர் இருந்தால் போதும் என்பது பொய். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இல்லாமல் முடியுமா என்பதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி.

அதற்கு, சென்டர் என்ன வேலை செய்கிறார் என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் புல்தரை ஹாக்கி பார்த்து வளர்ந்தவர்கள் பழைய சென்டர் ஹாஃப் ஆட்டக்காரரை நினைத்துக்கொள்ளலாம். ஐஸ் ஹாக்கி சென்டருக்கு முன்வரிசை ஆட்டக்காரர் என்று பெயர், ஆனால் பாதி உழைப்பு பின்னால்தான். பனித்தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். கோல்கீப்பரை விட்டால் ஐந்து பேர்: இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், முன்வரிசையில் பக்கவாட்டில் ஆடும் இரண்டு விங்கர்கள், ஒரு சென்டர். எதிரணி பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) நம் கோலுக்குப் பின்னால் கொண்டுவந்துவிட்டது என்று வையுங்கள். நம் விங்கர்கள் இருவரும் மேலே, தளத்தை மூன்றாகப் பிரிக்கும் நீலக்கோட்டுப் பக்கம் நிற்கும் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலையில் முட்டிமோதப் போவது நம் தடுப்பாட்டக்காரர் ஒருவர். இன்னொருவர் கோல் வாசலில். அந்த மூலைச் சண்டையில் இரண்டாவது ஆளாக இறங்குவது யார்? சென்டர். மோதலில் பக் வெளியே நழுவினால் முதலில் மட்டையை வைக்க வேண்டியவரும் அவர்தான். எடுத்ததும் தலையைத் தூக்கிப் பார்த்து, நடுப்பாதையில் ஓடி, எதிரணி நீலக்கோட்டைக் கட்டுப்பாட்டோடு தாண்டுவதும் அவர்தான். இதெல்லாம் நாற்பது, நாற்பத்தைந்து விநாடி ஷிஃப்ட்டுக்குள், அதாவது ஒரு முறை இறங்கி அடுத்தவருக்கு இடம்விடுவதற்குள். கடைசிப் பத்து விநாடியில் கால் எரியும். அப்போதுதான் பெரும்பாலான சென்டர்கள் மூலைக்குப் போகாமல் கோல் வாசலுக்கு எதிரே ஒரு அரைவட்டம் போட்டு நின்றுவிடுவார்கள். தொலைக்காட்சியில் அது கண்ணில் படாது. கேமரா பக்கைத்தான் காட்டும்.

இதை இரண்டு முனையிலும் செய்பவரை அங்கே "200 அடி ஆட்டக்காரர்" என்பார்கள். ஒரு விங்கர் பின்னால் சோம்பேறியாக இருந்தால் மற்ற நால்வர் எப்படியோ மூடிவிடலாம். சென்டர் சோம்பேறியாக இருந்தால் மூட முடியாது, நடுவில் ஓட்டை. சென்டருக்கு மதிப்பு ஏன் கூடுதல் என்பதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான காரணம் இது ஒன்றுதான். ஃபேஸ்-ஆஃப் வெல்வதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் அந்த இழுபறியில் மிகத் திறமையானவருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்குச் சில தடவைகள்தான். கடைசி நிமிடத்தில் நம் கோல் பக்கம் நடக்கும் ஃபேஸ்-ஆஃப் தவிர மற்றவற்றுக்கு இவ்வளவு ஆரவாரம் தேவையில்லை.

சரி, இப்போது கணக்கு. லீகில் சம்பள உச்சவரம்பு வந்த பிறகான 20 சீசன்களை எடுத்துக்கொள்வோம், 2005-06 முதல் 2024-25 வரை. அதற்கு முன் பணக்கார அணிகள் நட்சத்திரங்களை வாரிக் குவிக்கலாம். அதனால் பழைய காலத்தை இதோடு கலப்பது நியாயமில்லை. இந்த 20 ஆண்டுகளில், அதிகப் புள்ளி எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் விருதை வாங்கிய அதே ஆண்டில் கோப்பையும் வென்றவர்கள் எத்தனை பேர்? ஒரே ஒருவர், 2009-ல் பிட்ஸ்பர்க்கின் எவ்கெனி மால்கின். மெக்டேவிட் ஐந்து முறை ஆர்ட் ராஸ் வாங்கினார், ஒரு முறைகூட இல்லை. 2006-ல் வாங்கிய ஜோ தார்ன்டன் அந்த ஆண்டு மட்டுமல்ல, கடைசி வரை கோப்பையைத் தொடாமலே ஓய்வு பெற்றார்.

இன்னொரு விருது இருக்கிறது, செல்கி. முன்வரிசையில் ஆடிக்கொண்டே தடுப்பாட்டத்தில் சிறந்து விளங்குபவருக்குக் கொடுப்பது. இந்த 20 ஆண்டுகளிலும் அதை வாங்கியவர்கள் அத்தனை பேரும் சென்டர்கள், ஒரு விங்கர்கூட இல்லை. அவர்களில் அதே ஆண்டில் கோப்பையும் தூக்கியது 2006-ல் கரோலைனாவின் ராட் பிரின்டமோர், 2008-ல் டெட்ராய்ட்டின் டாட்சுக், 2013-ல் சிகாகோவின் டேவ்ஸ், 2019-ல் ஓ'ரைலி, 2024-லும் 2025-லும் ஃப்ளோரிடாவின் பார்கோவ். ஆறு முறை! செல்கியை வேறு ஆண்டுகளில் வாங்கிக் கோப்பையும் வென்ற பாஸ்டனின் பெர்ஜரோன், லாஸ் ஏஞ்சலஸின் கோப்பிட்டார் போன்றவர்களை நான் இதில் சேர்க்கவே இல்லை.

விருது என்பது வாக்கெடுப்புதான், அதில் பெயருக்கும் புகழுக்கும் ஓட்டு விழும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஆறுக்கு ஒன்று என்பது தற்செயல் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. காரணமும் புரிந்துகொள்ளக்கூடியதே. லீகில் எண்பதுக்கும் மேல் ஆட்டம், எதிரணி தினமும் மாறும், பலவீனமான அணிகளிடம் புள்ளி சேர்த்துக்கொள்ளலாம். பிளேஆஃப்பில் ஒரே அணியை ஏழு ஆட்டம் வரை பார்க்க வேண்டும், அப்படி நான்கு சுற்று, மொத்தம் 16 வெற்றி. இரண்டாவது ஆட்டத்துக்குள் எதிரணிப் பயிற்சியாளர் உங்கள் முதல் சென்டருக்கு ஒரு நிழலைக் கண்டுபிடித்து ஒட்டிவிடுவார். சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு ஆட்டம் நிற்கும்போது கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உண்டு. எதிரி யாரை இறக்குகிறான் என்று பார்த்துவிட்டு நம் ஆளை இறக்கலாம்.

2024 இறுதிச்சுற்று இதற்கு நல்ல பாடம். ஃப்ளோரிடா முதல் மூன்று ஆட்டங்களை வென்றது. எட்மன்டன் அடுத்த மூன்றையும் வென்று சமன் செய்தது. நான்காவது, ஐந்தாவது ஆட்டங்களில் மெக்டேவிட் தலா நான்கு புள்ளி. மனிதர் பறந்துகொண்டிருந்தார். அந்த பிளேஆஃப்பில் அவர் மொத்தம் 42 புள்ளி, அதில் 34 அசிஸ்ட், கிரெட்ஸ்கியின் பழைய அசிஸ்ட் சாதனையையே முறியடித்துவிட்டார். ஆறாவது ஆட்டத்தில் எட்மன்டன் 5-1 என்று ஜெயித்தது, ஆனால் மெக்டேவிட் பெயரில் ஒரு புள்ளிகூட இல்லை. ஜெயித்ததால் யாரும் கவனிக்கவில்லை. ஏழாவது ஆட்டம் ஃப்ளோரிடாவில், கடைசியாக ஆள் மாற்றும் உரிமை ஃப்ளோரிடாவுக்கு. மெக்டேவிட் இறங்கும்போதெல்லாம் பார்கோவையோ, தடுப்பாட்டக்காரர் ஃபோர்ஸ்லிங்கையோ தாண்ட வேண்டியிருந்தது. அன்றும் சைபர். 2-1 என்று முடிந்தது. கான் ஸ்மைத் விருதை மெக்டேவிட்டுக்கே அறிவித்தார்கள். தோற்ற அணியின் வீரருக்கு அது கிடைப்பது அபூர்வம். அவர் அதை வாங்க உடைமாற்றும் அறையிலிருந்து பனித்தளத்துக்கு வரவே இல்லை.

உலகின் தலைசிறந்த சென்டர் தோற்றார், தலைசிறந்த தடுப்பாட்டச் சென்டர் வென்றார் என்று இதை ஒரு வரியில் முடித்துவிட எனக்கே ஆசைதான். ஆனால் ஒரு கோல் வித்தியாசம். ஏழு ஆட்டத் தொடரில் ஒரு பக் கம்பத்தில் பட்டு உள்ளே போவதும் வெளியே போவதும் யார் கையில்? எட்மன்டன் ஜெயித்திருந்தால் "பார்த்தீர்களா, சென்டர்தான் எல்லாம்" என்று இதே ஆட்கள் எழுதியிருப்பார்கள். நானும் எழுதியிருப்பேன்.

இரண்டு சென்டர் வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? பிட்ஸ்பர்க்கின் கிராஸ்பி-மால்கின் ஜோடி 2009, 2016, 2017 என்று மூன்று முறை வென்றது. அதற்கு முன் கொலராடோவில் சாக்கிக்-ஃபோர்ஸ்பெர்க், டெட்ராய்ட்டில் இசர்மன்-ஃபெடரோவ். இந்த ஜோடிகள் மனதில் பதிந்துவிட்டன. ஆனால் அதே காலத்தில் சிகாகோ 2010, 2013, 2015 என்று மூன்று முறை வென்றிருக்கிறது. டேவ்ஸ் என்ற ஒரு பெரிய சென்டர், அவருக்குப் பின்னால் காலி. 2013-ல் இரண்டாம் வரிசையை ஓட்டியது 36 வயது மிகல் ஹான்சுஸ். கேன், ஹோசா இருவரும் விங்கர்கள். பின்னால் தடுப்பாட்டத்தில் கீத், சீப்ரூக். அந்த ஆண்டு கோப்பையை முடிவுசெய்த கோல், பாஸ்டனில் நடந்த ஆறாவது ஆட்டத்தில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மிச்சமிருக்கும்போது விழுந்தது. போட்டவர் டேவ் போலண்ட். அவரை யாரும் நட்சத்திரம் என்று சொன்னதில்லை.

2009-ல்கூடப் பாருங்கள். ஏழாவது ஆட்டத்தின் நடுவில் கிராஸ்பிக்கு முழங்காலில் அடி, அதன் பிறகு பெரும்பாலும் பெஞ்ச்சில்தான் உட்கார்ந்திருந்தார். 2-1 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தின் இரண்டு கோலும் மாக்ஸ் டால்போட் என்ற சாதாரண ஆட்டக்காரர் போட்டது.

சென்டரே இல்லாமல் வென்றவர்கள் உண்டா? "இல்லாமல்" என்று சொல்ல முடியாது. பெரிய சென்டர் இல்லாமல் வென்றவர்கள் உண்டு. 2003 நியூஜெர்சி. சென்டர்கள் என்று இருந்தது கோமஸ், மேடன், வயதான நியூவெண்டைக், அவரும் இறுதிச்சுற்றில் காயத்தால் இல்லை. ஆனால் பின்னால் தடுப்பாட்டத்தில் ஸ்காட் ஸ்டீவன்ஸ், ஸ்காட் நீடர்மேயர், கோலில் மார்ட்டின் புரோடர். புரோடர் அந்த பிளேஆஃப்பில் ஏழு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. அதில் மூன்று இறுதிச்சுற்றில். இப்படி மூன்று பேர் ஒரே நேரத்தில் கிடைத்தால் சென்டர் இடத்தில் யாரை நிறுத்தினாலும் ஓடும், ஆனால் கிடைக்க வேண்டுமே.

இன்னொன்று 2007 அனஹைம், எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். அணியின் எதிர்காலம் என்று சொல்லப்பட்ட சென்டர் ரயன் கெட்ஸ்லாஃபுக்கு அப்போது 22 வயது, இரண்டாவது சீசன். நீடர்மேயர் மறுபடியும் இங்கே, கூட இன்னொரு தடுப்பாட்டக்காரர் கிறிஸ் பிராங்கர். இறுதியில் எதிரே ஆட்டவாவின் ஸ்பெட்சா, ஹீட்லி, ஆல்ஃப்ரெட்சன் வரிசை, அந்தக் காலத்தின் மிகப் பயங்கரமான மூவர். அவர்களைச் சமாளிக்க அனுப்பப்பட்டவர் சாமுவேல் பால்சன் என்ற சுவீடன்காரச் சென்டர். கோல் கணக்கில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். இரண்டாவது ஆட்டம் 1-0. அந்த ஒரு கோலும் பால்சன் போட்டதுதான்! ஐந்தே ஆட்டத்தில் தொடர் முடிந்தது.

இப்போது என் வாதம் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். எதிரணியின் சிறந்த வரிசை ஓர் ஆட்டத்தில் இருபது நிமிடம் பனியில் இருக்கும். அந்த இருபது நிமிடத்தை யாராவது தின்றாக வேண்டும். கோல் விடாமல் தின்றால் நல்லது, தின்றுகொண்டே பதிலுக்கு ஒரு கோலும் போட்டால் கோப்பை. பார்கோவ், டேவ்ஸ், பெர்ஜரோன், கோப்பிட்டார் போன்றவர்கள் இதைத் தனி ஆளாகச் செய்வார்கள். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பால்சன் மாதிரி ஒருவர், அவருக்குப் பின்னால் இரண்டு மகத்தான தடுப்பாட்டக்காரர்கள், அவர்களுக்கும் பின்னால் சுவர் மாதிரி கோல்கீப்பர் என்று மூன்று நான்கு பேரைச் சேர்க்க வேண்டும். சம்பள உச்சவரம்புக்குள் ஒருவரை வைத்து முடிப்பது மலிவு. அவ்வளவுதான் விஷயம்.

அப்படிப்பட்டவர் டிராஃப்ட்டில் முதல் இடத்தில்தான் கிடைப்பார் என்று நினைத்து, வேண்டுமென்றே தோற்றுக் கடைசி இடத்துக்குப் போகும் அணிகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கிராஸ்பியும் மக்கின்னனும் முதல் இடம், சரி. ஆனால் கோப்பிட்டார் 11, கெட்ஸ்லாஃப் 19, ஓ'ரைலி 33, பெர்ஜரோன் 45, கிரெய்ச்சி 63, தாம்பா பேவின் பிரேடன் பாய்ன்ட் 79. டாட்சுக் 171-வது. ஸெட்டர்பெர்க் 210-வது! பாய்ன்ட் குள்ளம் என்று மூன்றாம் சுற்று வரை விட்டுவைத்தார்கள். 2020 பிளேஆஃப்பில் 14 கோல், 2021-ல் மறுபடியும் 14 கோல், இரண்டு கோப்பை. 2020-ல் அணித் தலைவர் ஸ்டாம்கோஸ் காயத்தால் மொத்தமே மூன்று நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆடினார். அதிலும் ஒரு கோல் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

இன்னொரு குறும்பையும் சொல்ல வேண்டும். "கோப்பை வென்ற அணிகளில் எல்லாம் உச்சத் தர சென்டர் இருந்தார்" என்பதில் பாதி, வென்ற பிறகு கொடுக்கும் பட்டம். 2018 கோடையில் ஓ'ரைலியை யாரும் அந்தப் பட்டியலில் வைக்கவில்லை. கடைசி இட அணியின் களைத்துப்போன சென்டர் அவர். சாம் பென்னட்டைக் கால்கரி 2021-ல் தள்ளிவிட்டபோது தேறாத கேஸ் என்றுதான் பேச்சு. 2025-ல் ஃப்ளோரிடாவுக்காக 15 கோல் போட்டுக் கான் ஸ்மைத் வாங்கினார். கோப்பை வந்ததும் ஆளே வேறு மாதிரித் தெரிகிறார்.

டொரண்டோவுக்கு வருவோம். அங்கே நம்மவர்கள் நிறைய, எந்தத் தமிழ்க் குடும்பத்தின் பேஸ்மென்ட்டிலும் நீலச் சட்டை போட்ட ஒரு பையனாவது இருப்பான். அதனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே பேசுகிறேன். 2013 மே மாதம் பாஸ்டனில் ஏழாவது ஆட்டம், மூன்றாம் பகுதியில் டொரண்டோ 4-1 முன்னிலை. பாஸ்டன் 4-2 ஆக்கியது. ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லாதபோது 4-3. 51 விநாடி இருக்கும்போது பெர்ஜரோன் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் வெற்றி கோலும் பெர்ஜரோன். டொரண்டோவிடம் அப்போது அப்படி ஒரு ஆள் இல்லை. அந்தச் சீசனில் முதல் வரிசை சென்டர் என்று இருந்தவர் டைலர் போசாக். நல்ல ஆட்டக்காரர், ஆனால் இடம் தவறு. அதே போசாக் 2019-ல் செயின்ட் லூயிஸில் ஓ'ரைலிக்கும் ஷென்னுக்கும் பின்னால் மூன்றாவது சென்டராக ஆடி கோப்பை வென்றார்.

பிறகு மாத்யூஸ் வந்தார், 2018-ல் டவாரெஸ் ஏழு ஆண்டுக்கு 7.7 கோடி டாலருக்கு வந்தார். காகிதத்தில் மறுபடியும் இரண்டு பெரிய சென்டர். மூன்றாவதாக இருந்த நாஸெம் காட்ரியை 2019-ல் அனுப்பிவிட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு பிளேஆஃப்பில் தடை வாங்கியிருந்தார், கோபம் நியாயம்தான். 2022-ல் அவர் கொலராடோவின் இரண்டாவது சென்டராக, கட்டைவிரல் உடைந்து திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே, இறுதியின் நான்காவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் போட்டார். இடையில் 2021. மாத்யூஸ் அந்தச் சீசனில் 52 ஆட்டத்தில் 41 கோலுடன் லீகிலேயே முதலிடம். முதல் சுற்றில் மான்ட்ரியல் அவருக்கு எதிரே பில் டனோவை நிறுத்தியது. ஏழு ஆட்டத்தில் மாத்யூஸுக்கு ஒரே கோல். முதல் ஆட்டத்திலேயே டவாரெஸ் காயமடைந்து வெளியேறியதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் 3-1 என்று முன்னிலையில் இருந்த தொடர் கைநழுவியது. அந்த மான்ட்ரியல் இறுதி வரை போனது.

டொரண்டோவின் கோளாறு சென்டர் இல்லாதது அல்ல. எதிரணியின் இருபது நிமிடத்தைத் தின்னும் வேலையையும் கோல் போடும் வேலையையும் ஒரே மாத்யூஸ் தலையில் கட்டியதும், நான்கு முன்வரிசை ஆட்களுக்கே உச்சவரம்பில் பாதியைக் கொடுத்துவிட்டு மற்ற இடங்களை ஒட்டுப்போட்டதும்தான் என் கணிப்பு. அந்தக் காலகட்டத்தில் ஒரே ஒரு முறை இது சரிசெய்யப்பட்டது. 2023 பிப்ரவரியில் ஓ'ரைலியை வாங்கினார்கள். ஆமாம், அதே ஓ'ரைலி. தாம்பாவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் ஒரு நிமிடம் மிச்சமிருக்கும்போது சமன் கோல் அவருடையது, கூடுதல் நேரத்தில் தடுப்பாட்டக்காரர் மார்கன் ரைலி (இவர் வேறு ஆள்) வென்று கொடுத்தார். 2004-க்குப் பிறகு டொரண்டோ ஜெயித்த முதல் தொடர் அதுதான். ஜூலையில் ஓ'ரைலி ஒப்பந்தம் முடிந்து நாஷ்வில்லுக்குப் போய்விட்டார்.